அக்குள் கட்டியும் ஆண்டுப் பொதுக்கூட்டமும்

கட்டி வருவதற்கு மனித உடம்பில் எத்தனையோ இடம் இருக்கிறது. முதுகில் வந்தால் குப்புறப் படுத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தில் வந்தால் நின்றே காலத்தை ஓட்டலாம். சுகுமாரனுக்கு அது வலது அக்குளில் வந்தது. ஆரம்பத்தில் கடலைப் பருப்பு அளவில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சிவந்து, பருத்து, சுற்றிலும் முடியோடு ஒரு ரம்புத்தான் பழத்தைப் போல ஆகிவிட்டது. கையை இறக்கினால் உயிர் போனது. தூக்கினால் திரும்பி வந்தது. ஆகவே சுகுமாரன் கையைத் தூக்கியே வைத்திருந்தார்.

அவருக்குப் பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் சேலைக் கடை ஒன்றில் வேலை. இருபது வருடமாகச் சேலை விரித்துக் காட்டிய கை அது. இப்போது மேல்தட்டுச் சேலைகளை மட்டுமே எடுக்க முடிந்தது. மேல்தட்டில் இருப்பதெல்லாம் விலை கூடிய சரக்கு என்பதால் முதலாளிக்கு அந்தக் கட்டியின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. தெருவில் இறங்கி நடந்தாலோ டிரைஷாக்காரர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. ஏறாமல் போனவரை டிரைவர் திட்டினார்.

மனைவி ருக்குமணி மஞ்சளை அரைத்துப் போட்டார். வெங்காயம் சுட்டு வைத்தார். அரிசி மாவில் கூழ் காய்ச்சிக் கட்டினார். சுகுமாரனிடமிருந்து பசியைக் கிளப்பும் ஒரு வாசனை வந்ததே தவிர, கட்டி உடையவில்லை.

உடையாவிட்டால் போகிறது என்று இருந்துவிட முடியாத நிலைமை. மகள் மோகனா காதலித்த பையன் தனேஷின் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வருகிறார்கள். முதல் சந்திப்பு. தனேஷின் அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மரியாதையில் ஒரு இம்மி குறைந்தாலும் பேச்சை நிறுத்திவிடுகிற ஆள்.

"அப்பா, அவங்க காடிக் கதவத் தெறந்து இறங்குனதும் ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடணும். அவரு அதத்தான் மொத பாப்பாருன்னு தனேஷ் சொன்னாரு" என்றாள் மோகனா.

"கும்பிட்டுரலாம் லா" என்று சொல்லிவிட்டுச் சுகுமாரன் முயன்று பார்த்தார். இடது கை நெஞ்சுக்கு வந்தது. வலது கை வரும் வழியில் அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வாசலில் ஒற்றைக் கையை உயர்த்திக்கொண்டு நின்றால் சம்பந்தி என்ன நினைப்பார்? ஆசி வழங்குவதாக நினைப்பார். அல்லது உள்ளே வராதே என்று தடுப்பதாக நினைப்பார். இரண்டுமே கல்யாணத்துக்கு ஆகாது. மகள் முகத்தைப் பார்க்கச் சுகுமாரனுக்குக் கட்டியை விட அதிகமாக வலித்தது.

சனிக்கிழமை போன கிளினிக்கில் டாக்டர் லீவு. ஞாயிற்றுக்கிழமை அரசாங்கக் கிளினிக் கிடையாது. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம்தான். அங்கே கால் முறிந்தவன், மண்டை உடைந்தவனுக்கெல்லாம் பிறகு கட்டியின் முறை வரும்போது சம்பந்தி வந்து, காப்பி குடித்து, கோபித்துக்கொண்டு திரும்பியும் போயிருப்பார். ஞாயிறு காலையில் இப்படிக் கையைப் பிசையவும் முடியாமல் நின்றபோதுதான் மாடி வீட்டு நல்லமுத்து எட்டிப் பார்த்தார். அவர் பினாங்கு வாழ் தமிழர் உடல்நலப் பெரும்பேரவையின் செயலாளர்.

"அண்ணே, எதுக்குக் கவலப்படுறீங்க? இன்னிக்கு நம்ம பெரும்பேரவைல இலவச மருத்துவ முகாம். தோல் வியாதி ஸ்பெஷல். கட்டி, கொப்புளம், சிரங்கு எல்லாத்துக்கும் டாக்டரே நேர்ல வராங்க. ஒம்பது மணிக்கு வாங்க, ஒம்பதே காலுக்கு வீட்டுக்குப் போயிரலாம் லா."

பெரும்பேரவையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். முதலில் அது வெறும் பேரவையாகத்தான் இருந்தது. ஒரு தேர்தலில் நாற்காலி பறந்து சங்கம் இரண்டாக உடைந்தபோது, பிரிந்து போனவர்கள் பேரவை என்ற பெயரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதியையும் கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் பெரும்பேரவை ஆனார்கள். ஆள் குறையக் குறையப் பெயர் நீளும் என்பது சங்கங்களின் இயல்பு.

குவீன் ஸ்திரீட்டில் ஒரு கடையின் மாடியில் பெரும்பேரவையின் மண்டபம். வாசலில் பெரிய பதாகை. அதில் பாதியைத் தலைவர் வாசுவின் முகம் அடைத்திருந்தது. மீதியில் செயலவையினர் வட்ட வட்டமாக வரிசையில் சிரித்தார்கள். தோல் நோய் முகாம் என்பதால் அச்சகக்காரர் நோய்க் கிருமி ஒன்றின் படத்தையும் போட்டிருந்தார். தனியாகப் போட இடமில்லாமல் அதையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்துத் துணைத்தலைவருக்கும் பொருளாளருக்கும் நடுவில் வைத்துவிட்டார்.

"அந்த ஊதாக் கலர்ல இருக்கறது யாரு? டத்தோ பட்டம் வாங்குனவரா?" என்று படியேறி வந்த ஓர் அம்மா கேட்டார்.

"அது கிருமி, அக்கா" என்றார் நல்லமுத்து.

"ஓ, புதுசா சேந்திருக்காரா?" என்று அந்த அம்மா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வாசல் மேசையில் சுகுமாரனைப் பெரும்பேரவையின் உறுப்பினராக்கினார்கள். சிகிச்சை உறுப்பினர்களுக்கு மட்டும்தானாம். இடது கையால் கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டார். சட்டையில் ஒரு பூ குத்தினார்கள். உள்ளே போனால் சுமார் முப்பது பேர், சொறிந்துகொண்டும் ஊதிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மேலே இன்னொரு பதாகை தொங்கியது: ஆண்டுப் பொதுக்கூட்டம்.

"என்னப்பா இது, முகாம்னு சொன்ன?" என்றார் சுகுமாரன்.

"முகாமும்தாண்ணே. பொதுக்கூட்டம்னு கூப்புட்டா எவன் வரான்? பிரியாணி போட்டுப் பாத்தாச்சு, வாங்கிட்டு ஓடிடுறானுங்க. இத்தன பேரு ஒக்காந்திருந்தாத்தான் கூட்டம் செல்லும்னு சங்கப் பதிவிலாகா விதி. நோயாளின்னா எழுந்து போகமாட்டாங்கல்ல? போன வருஷம் கண் முகாம் வச்சோம். யாருக்கும் வாசக் கதவே தெரியல. அருமையான கூட்டம்."

மேடையில் டாக்டர் காமினி உட்கார்ந்திருந்தார். இளம் வயது. மடியில் பையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். சுகுமாரன் கூச்சத்தை விட்டு மேடையோரம் போய்க் கையைக் காட்டினார். காட்டுவதற்கு என்ன, அது ஏற்கெனவே மேலேதான் இருந்தது.

"அண்ணே, நல்லாப் பழுத்துருச்சே! மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி விட்டா அஞ்சு நிமிஷ வேல. வாங்க, அந்த ரூம்ல ஒக்காருங்க" என்று டாக்டர் எழுந்தார்.

நல்லமுத்து ஓடி வந்தார். "டாக்டர், டாக்டர்! முகாம் இன்னும் தெறக்கல!"

"தெறக்கறதுன்னா?"

"அந்த ரூம் வாசல்ல ரிப்பன் கட்டியிருக்குல்ல, அத வெட்டணும்."

"கத்திரிக்கோல் என்கிட்ட இருக்கு. நானே வெட்டிர்றேன்."

நல்லமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க வெட்டக் கூடாது. தலைவர்தான் வெட்டணும். இன்னிக்குத் தேர்தல். கூட்டம் முடிஞ்சாத்தான் தலைவர் யாருன்னே தெரியும். ரிப்பன் முக்கியம் டாக்டர், போன தடவ நாற்காலி பறந்ததே அதுக்குத்தான்."

"எனக்கு ஒரு மணிக்கு ஆஸ்பத்திரில டியூட்டி."

"அதுக்குள்ள முடிஞ்சிரும். வரவேற்புரை மட்டுந்தான் கொஞ்சம் நீளம்."

டாக்டரைத் திரும்ப உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பெரும்பேரவைக்குச் சொந்தமாக நல்ல பொன்னாடை ஒன்றுதான் இருந்தது. தலைவர் அதை டாக்டருக்குப் போர்த்துவார், படம் எடுப்பார்கள், நல்லமுத்து பின்னாலிருந்து உருவிக்கொள்வார், அடுத்து துணைத்தலைவர் அதையே போர்த்துவார், படம் எடுப்பார்கள், உருவிக்கொள்வார். செயலவையில் எல்லாரும் இப்படி ஒரு சுற்று வந்து முடித்தபோது டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. பொன்னாடை மடிக்கப்பட்டு மேசையில் ஓய்வெடுத்தது. பெரும்பேரவை தொடங்கிய நாளிலிருந்து அதை யாரும் துவைத்ததில்லை, சரிகை கறுத்துவிடுமாம்.

தலைவர் வாசு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த நோயாளிப் பெருமக்களே! உங்களைப் பார்க்கும்போது என் உள்ளம் பூரிக்கிறது. இத்தனை பேருக்கு நோய் வந்திருக்கிறது என்றால் அது இந்தப் பெரும்பேரவையின் மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் காட்டுகிறது. ஆண்டுதோறும் நாங்கள் மருத்துவ முகாம்களைத் திறந்து வருகிறோம். நடத்துவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். திறப்பது எங்கள் பிறப்புரிமை! எங்கள் முகாமில் இதுவரை ஒருவருக்குக்கூடத் தவறான சிகிச்சை கொடுக்கப்பட்டதில்லை. எந்தச் சிகிச்சையுமே கொடுக்கப்படவில்லையே என்று சில பொறாமைக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களை நான் திருப்பிக் கேட்கிறேன்: தவறு நடந்ததா, இல்லையா?"

கைதட்டல் எழுந்தது. தட்ட முடியாதவர் சுகுமாரன் ஒருவர்தான்.

"இன்று நம்மைத் தாக்கும் இந்தக் கிருமியைப் பாருங்கள். டாக்டர் அவர்கள் என்னிடம் சொன்னார், இது திராட்சைக் குலை போலக் கொத்துக் கொத்தாக வாழுமாம். என்ன ஒற்றுமை! நம் சமுதாயத்தில் இருவர் சேர்ந்தால் மூன்று சங்கம். கிருமியோ கோடிக்கணக்கில் இருந்தும் ஒரே கட்டி! இந்தக் கிருமியின் காலடியில் உட்கார்ந்து நாம் ஒற்றுமையைப் பயில வேண்டும்!"

"ஆஹா" என்று முன் வரிசை உருகியது. டாக்டர் காமினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு பொதுக்கூட்டம் தொடங்கியது. சென்ற ஆண்டின் கூட்டக் குறிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். யாராவது முன்மொழிய வேண்டும்.

"திரு. சுகுமாரன் முன்மொழிகிறார்" என்று நல்லமுத்து உயர்ந்திருந்த கையைப் பார்த்து அறிவித்தார். "வழிமொழிபவர்?" சபையில் ஒரே ஒரு கைதான் மேலே இருந்தது. "திரு. சுகுமாரன் வழிமொழிகிறார்."

துணைத்தலைவர் ஜபருல்லா துள்ளி எழுந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். இந்த முறை தலைவர் பதவிக்கு வாசுவை எதிர்த்துப் போட்டி போடுகிறவர். பின்வரிசையில் அவருடைய கடைப் பொட்டலங்கள் மணந்துகொண்டிருந்தன. "முன்மொழிஞ்சவரே எப்படி வழிமொழிய முடியும்? இது என்னா நியாயம்?"

"அவரிடம் ஆர்வம் இருக்கிறது. உங்களிடம் அது இல்லை" என்றார் வாசு. "சரி, எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா?"

சுகுமாரனின் கை அங்கேயே நின்றது.

"அதே ஆளு லா!" என்று ஜபருல்லா கத்தினார்.

"இதுதான் ஜனநாயகம். ஒரு பிரச்சினையின் எல்லாப் பக்கங்களையும் பார்க்கிற பக்குவம் எத்தனை பேருக்கு வரும்?" என்று வாசு கனிவோடு சுகுமாரனைப் பார்த்தார்.

சுகுமாரன் பொறுத்துப் பார்த்தார். மண்டபத்துக்குப் புது மின்விசிறி வாங்குவதை அவர் ஆதரித்தார், பிறகு எதிர்த்தார். மின்விசிறியே இல்லாமல் இருப்பதையும் ஆதரித்தார். பிரிந்து போன பேரவையைக் கண்டித்தார், கண்டித்தவர்களையும் கண்டித்தார். கடிகாரம் பதினொன்றைத் தாண்டியதும் பொறுமை போய் எழுந்தார்.

"ஐயா, எனக்கு எதுவும் வேணாம். நான் டாக்டரப் பாக்கணும். அவ்வளவுதான்."

"அருமையான தீர்மானம்!" என்றார் வாசு. "உறுப்பினர் சுகுமாரன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சபை தீர்மானிக்கிறது. விவாதிக்கலாம்."

விவாதித்தார்கள். கட்டி எந்தப் பக்கம் என்று ஜபருல்லா கேட்டார். வலப்பக்கம் என்று தெரிந்ததும், வலப்பக்க வரிசை தன்னுடைய அணி என்பதால் கட்டிக்கு நியாயம் கேட்கும் உரிமை தனக்கே உண்டு என்றார். சுகுமாரன் நேற்றுவரை உறுப்பினரே இல்லை, கட்டியோ புதன்கிழமையே வந்துவிட்டது, ஆகவே அது உறுப்பினராவதற்கு முந்திய கட்டி, பெரும்பேரவை அதற்குப் பொறுப்பேற்க முடியாது என்று பொருளாளர் சட்ட விளக்கம் கொடுத்தார். கடைசியில் சுகுமாரனின் கட்டியை ஆராய ஐவர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. அது தன் அறிக்கையை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கும்.

"அடுத்த வருஷமா? அதுக்குள்ள விஷம் ஏறிக் காய்ச்சல் வந்துரும்!" என்று டாக்டர் காமினி எழுந்தே விட்டார்.

"டாக்டர், நீங்கள் உறுப்பினர் அல்ல. இந்தச் சபையில் உங்களுக்குப் பேச உரிமை கிடையாது. பொன்னாடைக்கு மட்டும் உரிமை உண்டு" என்றார் வாசு. நல்லமுத்து மறுபடியும் ஒருமுறை போர்த்தி உருவினார்.

பன்னிரண்டு மணி வாக்கில் தேர்தல். வாசுவுக்குக் கை தூக்கியவர்களை எண்ணினார்கள். ஜபருல்லாவுக்குத் தூக்கியவர்களை எண்ணினார்கள். இரண்டும் சமம். திரும்ப எண்ணினார்கள். சமம். அப்போதுதான் இரண்டு கணக்கிலும் சுகுமாரன் இருக்கிறார் என்பதை ஒருவர் கண்டுபிடித்தார்.

"கைய எறக்கச் சொல்லுங்க! எனக்குத்தான் தூக்குனாரு!" என்று ஜபருல்லா பாய்ந்தார்.

"எனக்குத் தூக்கிய கையை நீ எப்படி இறக்குவாய்?" என்று வாசுவும் பாய்ந்தார். மேடைத் தமிழ் இன்னும் அவர் நாக்கை விட்டு இறங்கவில்லை.

வாசுவின் எண்ணிக்கைக்கு ஜபருல்லா ஆட்கள் கையைக் கீழே இழுத்தார்கள். வாசுவின் ஆட்கள் முழங்கையில் முட்டுக் கொடுத்தார்கள். ஜபருல்லாவின் எண்ணிக்கைக்கு இடம் மாறிக்கொண்டார்கள். சுகுமாரன் போட்ட சத்தம் லிட்டில் இந்தியா முழுக்கக் கேட்டிருக்கும். கீழே பாட்டு வைத்திருந்த கேசட் கடைக்காரர் தன் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டார். கட்டியின் முனையில் ஈரம் கசிந்தது.

"விடுங்கடா அவர!" என்று டாக்டர் காமினி கத்தினார். உறுப்பினர் அல்லாதவரின் பேச்சு குறிப்பில் ஏறவில்லை.

இனி நாற்காலிதான் பறக்க வேண்டும் என்ற கட்டத்தில் பொருளாளருக்கு ஒரு யோசனை வந்தது. வாசு வரக்கூடாது என்று ஜபருல்லாவும், ஜபருல்லா வரக்கூடாது என்று வாசுவும் நினைத்தால், இருவரின் விருப்பமும் நிறைவேற வழி இருக்கிறதே! காலையிலிருந்து எந்தக் கேள்விக்கும் கையை இறக்காத கொள்கை மறவர் ஒருவர் நம்மிடையே இருக்கிறாரே!

ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். மண்டபமே தூக்கியது. எதிர்ப்பவர்கள் கேட்கப்பட்டார்கள். ஒரே ஒரு கை. புதிய தலைவரை எதிர்த்தவர் புதிய தலைவர் மட்டும்தான்.

நல்லமுத்து பொன்னாடையோடு வந்தார். வலது கை மேலே நின்றதால் வழக்கம்போலத் தோளில் போட முடியவில்லை. அக்குளுக்கு அடியில் விட்டு, நெஞ்சைச் சுற்றி, முடிச்சுப் போட்டார். பார்ப்பதற்கு அது புது மாதிரியாகவும் கம்பீரமாகவும் இருந்தது. படம் எடுத்ததும் உருவி, விடைபெறும் தலைவர் வாசுவுக்கும் அதே மாதிரி அக்குளில் கொடுத்துக் கட்டினார். பிறகு ஜபருல்லாவுக்கு. பிறகு செயலவைக்கு வரிசையாக. கடைசியில் தனக்கும் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, அந்தத் துணிய யாரும் போடாதீங்க! சீழ் பட்டிருக்கு, ஒட்டிக்கும்!" என்றார் டாக்டர்.

"ஒட்டிக்கொள்ளட்டும் டாக்டர்!" என்று வாசு சிரித்தார். "நல்லவர்கள் மேல் பட்டதெல்லாம் நமக்கு ஒட்ட வேண்டும் என்றுதானே பொதுவாழ்வுக்கு வருகிறோம்!"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பையை எடுத்தார், படியில் இறங்கிப் போயே விட்டார். புதிய தலைவரின் ஏற்புரைக்காக நல்லமுத்து ஒலிபெருக்கியைச் சுகுமாரனின் வாய்க்கருகே பிடித்தார். சுகுமாரனின் கண்முன்னால் சம்பந்தி வந்து வாசலில் நின்றார். மோகனா தலை குனிந்தாள்.

"கூட்டம் முடிஞ்சிருச்சு!" என்று ஒலிபெருக்கியைப் பிடித்து அலறிவிட்டுப் புதிய தலைவர் கையைத் தூக்கியபடியே ஓடினார். தலைவர் எதையோ துவக்கி வைக்கப் போகிறார் என்று நினைத்துச் சபை எழுந்து கைதட்டியது.

கீழே கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் டாக்டரைப் பிடித்துவிட்டார். "தாயி, காப்பாத்து!" என்றார்.

டாக்டர் காமினி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பூக்கடைக்காரரிடம் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கினார். கையைச் சுத்தம் செய்து, உறை மாட்டி, மருந்தால் துடைத்து, ஊசி போட்டு, ஒரு கீறல். சுகுமாரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏதோ சூடாக இறங்கியது. அதோடு புதன்கிழமையிலிருந்து மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்த மத்தளம் நின்றது. பஞ்சு வைத்துக் கட்டி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

"மாத்திரைய முழுசா முடிங்க. கையச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. உங்க துண்டு, சட்டைய வேற யாரும் தொடக்கூடாது. இப்போ மெதுவா கைய எறக்கிப் பாருங்கண்ணே."

சுகுமாரன் இறக்கினார். கை தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐம்பத்தைந்து வயது ஆள், குவீன் ஸ்திரீட் அஞ்சடியில், மல்லிகைப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். டாக்டரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் காரை நோக்கி ஓடினார்.

ஐந்து மணிக்குப் புக்கிட் மெர்தாஜாம் கார் வந்து நின்றது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் இறங்கி நிமிர்ந்தார். சுகுமாரன் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, குனிந்து, ஆற அமரக் கும்பிட்டார். அப்படி ஒரு கும்பிடை அந்த மனிதர் தம் பள்ளிக்கூட வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை போலும். அவர் கண் கலங்கிவிட்டது. ஆறு மணிக்குள் தேதி குறித்தாகிவிட்டது. மோகனா சமையலறையில் அப்பாவைக் கட்டிப்பிடிக்க வந்தாள். "இடப்பக்கம், இடப்பக்கம்!" என்று ருக்குமணி கத்தினார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. அடுத்த வாரம் நல்லமுத்து போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. அவசரச் செயலவைக் கூட்டம், தலைவர் கட்டாயம் வர வேண்டும்.

"போயி ராஜினாமாவக் குடுத்துட்டு வந்திருங்க. ஒண்டியா விட்டா வேற எதையாச்சும் வாங்கிட்டு வருவீங்க, நானும் வரேன்" என்று ருக்குமணி கூடவே கிளம்பினார்.

மண்டபத்துக்குள் நுழைந்த இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வாசு கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஜபருல்லா, தூக்கிய கையோடு. பொருளாளர், துணைச் செயலாளர், கணக்காய்வாளர், எல்லார் கையும் மேலே. நல்லமுத்துவுக்கு இரண்டு கையும் மேலே. பெரும்பேரவையின் சரித்திரத்தில் இப்படி ஓர் ஒற்றுமை இருந்ததே இல்லை.

சுகுமாரன் சங்கடத்தோடு ராஜினாமாவைச் சொன்னார். அதை வாக்குக்கு விட்டார்கள். ஏற்பவர்கள்? எல்லாக் கையும் மேலே. ராஜினாமா ஏகமனதாக ஏற்கப்பட்டது. எதிர்ப்பவர்கள்? எல்லாக் கையும் மேலே. ராஜினாமா ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. எது செல்லும் என்று தலைவரே முடிவு செய்யலாம் என விதி இருந்தது. தலைவர் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் தெரியவில்லை.

"அதெல்லாம் அப்பறம் பாக்கலாம் லா" என்று வாசு முனகினார். மேடைத் தமிழ் மொத்தமும் கழன்று விழுந்திருந்தது. "டாக்டர வரச் சொல்லுங்க தலைவரே. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. குழந்த மாதிரி அழுதேன்."

சுகுமாரனுக்கு மனசு இளகியது. போன் போட்டார். டாக்டர் காமினி பாதி வேலையில் புறப்பட்டு வந்தார். அன்றும் அவருக்கு ஒரு மணிக்கு டியூட்டி. எல்லாரையும் பார்த்தார். பொன்னாடையைப் பார்த்தார். கையுறையை மாட்டினார்.

"யாரு மொத?"

எல்லாக் கையும் மேலே.

"தலைவரே, நீங்க சொல்லுங்க. ரிப்பன வெட்டிட்டு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவங்க ஆரம்பிச்சிருவாங்க" என்று ஜபருல்லா கெஞ்சினார்.

சுகுமாரன் அறை வாசலுக்குப் போனார். ரிப்பனை வெட்டினார். மேடையேறி, டாக்டர், ஆரம்பிங்க என்று சொல்வதற்காகத்தான் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். இதில் சந்தேகமே வேண்டாம்; அவர் அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் ஒலிபெருக்கி லேசாக இருந்தது. வலது கையில் பிடிக்க வலிக்கவே இல்லை. சபை முழுவதும் கையை உயர்த்தி, மூச்சைப் பிடித்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருடச் சேலைக் கடையில் ஒரு நாள்கூட யாரும் அவர் வாயைப் பார்த்ததில்லை. எல்லாரும் சேலையைத்தான் பார்த்தார்கள். தொண்டையைச் செருமினார். செருமல் கூட ஒலிபெருக்கியில் அழகாகக் கேட்டது.

"அன்பார்ந்த" என்றார்.

அந்தச் சொல் வாயில் இனித்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். "அன்பார்ந்த நோயாளிப் பெருமக்களே! வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த நன்னாளிலே..."

"ஐயோ, வேணாங்க!" என்று வாசு கதறினார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ருக்குமணி கணவரையே வாய் பிளந்து பார்த்தார். பிறகு மெல்ல டாக்டர் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, நல்லாத்தான இருந்தாரு. இது எப்படி இவருக்கு வந்துச்சு?"

"அன்னிக்கு அந்த மைக்கத் தொட்டாருல்லக்கா" என்றார் டாக்டர் காமினி. ஒரு கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். மேடையில் சுகுமாரன் ஒலிபெருக்கியை இடது கைக்கு மாற்றி, வலது கையை உயர்த்தி, கிருமியின் ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். டாக்டர் இன்னொரு கையுறையையும் கழற்றினார்.